ரால்ஃப் ஸ்டான்லியின் மலையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்: பிரிஸ்டல்

காலை ஏழு மணிக்கு வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து கிளம்பினோம், நானும் அப்பாவும். அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. ஊரில் நாற்பது வருடம் சபைக் கொயரில் டெனர், அதாவது முக்கிய மெட்டுக்குத் துணை நிற்கிற ஆண் குரல், பாடியவர். கல்லூரி முடிக்கும்வரை நானும் அதே கொயரில் நின்றவள்தான். அமெரிக்கா வந்து வேலை, வீடு என்று ஆன பிறகு பாடுவது நின்றுபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அப்பா வந்த முதல் வாரம், சமைத்துக்கொண்டே ஒரு பாட்டை ஓட விட்டிருந்தேன். வாத்தியமே இல்லாமல், ஒரு கிழவர் தனியாக நின்று சாவிடம் தவணை கேட்கிற பாட்டு. அப்பா வந்து குக்கரை இறக்கி வைக்கச் சொன்னார். விசில் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லையாம். முழுதும் கேட்டுவிட்டு, "மக்ளே, இவரு லீட் பாடுத ஆளு இல்ல. டெனர்காரராக்கும்" என்றார்.

லீட் என்றால் முக்கிய மெட்டைப் பாடுகிற குரல். அப்பா சொன்னது உண்மை. பாடியவர் ரால்ஃப் ஸ்டான்லி. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், டிக்கன்சன் கவுண்டியில் 1927 பிப்ரவரி 25 அன்று பிறந்தவர். தன் வாழ்க்கையின் முதல் 20 மேடை வருடங்களை அண்ணன் கார்ட்டருக்கு இரண்டாம் குரலாகவே கழித்தவர். இதை நான் சொன்னதும், அவர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார் அப்பா. நான்கு நாள் விடுப்பு எடுத்தேன்.

பூன் வழியாக மலைச்சாலையில் வந்தோம். அக்டோபர் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நேராகப் பிரிஸ்டலுக்கு வருகிறேன்.

பிரிஸ்டல் இரண்டு மாநிலங்களில் கிடக்கிற ஊர். ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது, அதைக் காட்டப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். வடக்குப் பக்கக் கடைகள் வர்ஜீனியா, தெற்குப் பக்கம் டென்னசி. அந்தத் தெற்குப் பக்கத்தில், முன்பு தொப்பிக் கம்பெனி இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில்தான் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் மலைக்காரர்களின் பாட்டைப் பதிவு செய்தார். 19 குழுக்கள், 76 பாட்டுகள். கன்ட்ரி இசை அங்கே பிறந்தது என்று சொல்வது வழக்கம். அதற்கு முன்பும் இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன, ஆனால் கார்ட்டர் குடும்பம் என்ற மூவர் குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் உலகத்துக்குத் தெரியவந்தது அந்த மாடியில்தான். கட்டடம் இப்போது இல்லை. அப்போது நம்முடைய ரால்ஃப் ஐந்து மாதக் குழந்தை.

2014-ல் திறந்த கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் இருந்தோம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அப்பா ஒவ்வொரு இடமாக நின்றார். அந்த 76 பாட்டுகளில் எத்தனை பக்திப் பாட்டு என்று பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியம். கொலைப் பாட்டும் குடிப் பாட்டும் ஆலயப் பாட்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இந்த மலையில் கன்ட்ரி, காஸ்பல் என்று தனித்தனி அலமாரி கிடையாது. கடைக்காரர்கள் பிறகு வைத்த அலமாரிகள் அவை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வானொலி. 1946 டிசம்பரில் இந்த ஊரில் டபிள்யூ.சி.ஒய்.பி. என்ற நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. ராணுவத்திலிருந்து இரண்டே மாதம் முன்பு திரும்பியிருந்த 19 வயது ரால்ஃபும், 21 வயது கார்ட்டரும் அங்கே மதிய நேரத்தில் நேரடியாகப் பாடினார்கள். நிகழ்ச்சியின் பெயர் 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்'. அக்கம் பக்கத்து ஐந்து மாநிலங்கள்வரை அது கேட்டது. வயலிலிருந்து சாப்பிட வந்தவர்களும், சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்களும் கேட்டார்கள். மதியம் வானொலியில் பாடுவது, அன்று இரவு எந்தப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி என்று அதிலேயே சொல்வது, சாயந்திரம் காரின் மேல் பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவது. அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அருங்காட்சியகத்துக்குள்ளேயே இப்போது ஒரு வானொலி நிலையம் இயங்குகிறது. பழைய நிகழ்ச்சியை அதே பெயரில் மீண்டும் நடத்துகிறார்கள் என்று கேட்டதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. நாளை கிளின்ட்வுட்.


இரண்டாம் நாள், வெள்ளி: கிளின்ட்வுட், நார்ட்டன்

அபிங்டனிலிருந்து செயின்ட் பால், கோபர்ன் வழியாகப் போனோம். வழியெல்லாம் பழுப்பு நிறப் பலகையில் பாஞ்சோ என்ற ஐந்து கம்பி வாத்தியத்தின் படம் போட்டிருக்கிறது. 'க்ரூக்கட் ரோடு', அதாவது கோணல் பாதை என்று இந்தத் தடத்துக்குப் பெயர். வர்ஜீனியாவின் மலை இசை ஊர்களை 300 மைலுக்கு மேல் இணைக்கிறது. கோபர்ன் தாண்டியதும் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டேன். வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். அவர் தன் டிரக்கை எடுத்துக்கொண்டு வந்து, எங்களைப் பின்னால் வரச் சொல்லி, மெயின் ரோட்டில் விட்டுவிட்டுக் கையசைத்துப் போனார். "ஸ்டான்லி மியூசியமா? நல்லது, நல்லது" என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

டிக்கன்சன் 1880-ல் உருவான கவுண்டி, வர்ஜீனியாவிலேயே கடைசியாகப் பிறந்தது. கரியும் மரமும்தான் இங்கே வேலை. மெக்ளூர் பக்கத்தில் 1983-ல் ஒரு சுரங்க வெடிப்பில் ஏழு பேர் இறந்தார்கள். சாவைப் பற்றி ஏன் இவ்வளவு பாட்டு என்று கேட்பவர்கள் இந்தச் சாலையில் ஒரு முறை வர வேண்டும்.

கிளின்ட்வுட் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய பெரிய வீடுதான் ரால்ஃப் ஸ்டான்லி அருங்காட்சியகம். 2004-ல், அவர் இருக்கும்போதே திறந்தது. இங்கே எல்லாரும் அவரை 'டாக்டர் ரால்ஃப்' என்கிறார்கள். 1976-ல் டென்னசியில் லிங்கன் மெமோரியல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மலை மக்கள் அதை ஒரு நாளும் விடவில்லை.

பன்றிக்குட்டியும் பாஞ்சோவும் கதையை அங்கே இருந்த அம்மா சொன்னார். ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம் போலிருக்கிறது. ரால்ஃப் சின்னப் பையனாக இருந்தபோது அத்தையிடம் ஒரு பாஞ்சோ விலைக்கு இருந்தது, ஒரு பன்றியும் விலைக்கு இருந்தது. இரண்டும் ஒரே விலை, 5 டாலர். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றார் தாய் லூசி. கால்நடை வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன் பாஞ்சோவைக் கேட்டான். லூசிக்கே பாஞ்சோ வாசிக்கத் தெரியும். சுருதி சேர்த்து ஒரே ஒரு மெட்டு வாசித்துக் காட்டினார், அவ்வளவுதான் பாடம்.

அந்தத் தாயின் கை எப்படிப் போயிருக்கும் என்று அப்பா கேட்டார். வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, பேசாமல் தன் பாஞ்சோவை எடுத்தார். இதை நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். விரல்கள் கம்பியை மேல்நோக்கி மீட்டுவதில்லை. கை பாதி மூடிய முஷ்டியாக, பூனை நகம் போல வளைந்து நிற்கிறது. ஆள்காட்டி விரலின் நகம் மேலிருந்து கீழாகக் கம்பியில் விழுகிறது, கதவைத் தட்டுவது போல. கை மேலே போகும்போது கட்டைவிரல் மட்டும் அந்தக் குட்டையான ஐந்தாம் கம்பியைக் கொக்கி போட்டு விடுகிறது. அந்த ஐந்தாம் கம்பி சுருதி மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, தம்புரா மாதிரி. தோல் போர்த்திய முகத்தில் நகம் படும் சத்தமும் தாளமாகச் சேர்ந்துவிடுகிறது. கிளாஹேமர் என்று இந்த முறைக்குப் பெயர். ரால்ஃப் பின்னாளில் மூன்று விரல் முறைக்கு மாறினார். ஆனாலும் தாயின் முறையைக் கடைசிவரை மேடையில் கொஞ்சமாவது வாசிப்பார் என்றார் தாத்தா.

மேலே ஓர் அறையில் அப்பா ஹெட்போனைக் கழற்றவே இல்லை. 1949-ல் கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு செய்த பாட்டுகள் அவை. கார்ட்டர் லீட், மேலே ரால்ஃபின் டெனர், அதற்கும் மேலே மாண்டலின்காரர் பீவீ லாம்பர்ட் ஒரு மூன்றாம் குரல் வைக்கிறார். வழக்கமாக லீடுக்குக் கீழே நிற்க வேண்டிய பாரிடோனைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குச் சோல்ஃபாவில்தான், அதாவது டோ, ரே, மி என்ற சுர எழுத்துகளில்தான், காது ஓடும். விரலால் மேஜையில் ஒவ்வொரு குரலாகக் கோடு போட்டுக் காட்டினார். "பாத்தியா, நடுவுல நிக்குதவன் அசையவே இல்ல. அவன் அசைஞ்சா மேலயும் கீழயும் விழுந்துரும்."

நடுவில் நின்றவன்தான் ரால்ஃப். மேடையில் பேசுவது, சிரிக்க வைப்பது, பாட்டு எழுதுவது பெரும்பாலும் அண்ணன். தம்பி கூச்சக்காரர். வருடங்கள் நல்லபடியாகவும் போகவில்லை. ஐம்பதுகளில் இடையே கொஞ்ச காலம் மிச்சிகனில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். ராக் பாடகர் எல்விஸ் வந்த பிறகு பாஞ்சோ கேட்க ஆள் குறைந்தது. 1958-ல் பிழைப்புக்காக ஃப்ளோரிடாவின் லைவ் ஓக் ஊருக்கே குடிபோனார்கள். கார்ட்டர் குடித்தார். கல்லீரல் கெட்டு, 1966 டிசம்பர் 1 அன்று, 41 வயதில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தம்பி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்த மனிதரிடம் பெரிய விஷயம். இசையை விட்டுவிடலாமா என்று யோசித்தார். கேட்பவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன, விடாதே என்று. மைக்குக்கு முன்னால் வந்து நின்றார், ஆனால் அண்ணன் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. லீட் பாட வேறு ஆட்களைக் கொண்டுவந்தார். முதலில் லாரி ஸ்பார்க்ஸ், அப்புறம் கார்ட்டரின் சாயல் குரலில் இருந்த ராய் லீ சென்டர்ஸ். தான் அதே பழைய டெனர் இடத்தில் நின்றார். தனியாகப் பாட வேண்டிய பாட்டை மட்டும் தனியாகப் பாடினார்.

1970-ல் ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில் டயர் பஞ்சராகித் தாமதமாகிவிட்டது. அரங்குக்குள் நுழைந்தால், உள்ளே ஸ்டான்லி சகோதரர்களின் பாட்டு கேட்கிறது. மேடையில் கென்டக்கிப் பையன்கள் இரண்டு பேர், பதினாறு வயதை ஒட்டி. கார்ட்டரின் லீடும் தன்னுடைய டெனரும் அச்சு அசலாக. ரிக்கி ஸ்காக்ஸும் கீத் விட்லியும் அப்படித்தான் அவர் குழுவில் சேர்ந்தார்கள். பின்னாளில் இருவரும் கன்ட்ரி இசையில் பெரிய நட்சத்திரங்கள். அண்ணன் செத்து நான்கு வருடத்தில், தன் வாலிபத்தையும் அண்ணனையும் ஒரே மேடையில் பார்த்த மனிதர் வாசலில் எப்படி நின்றிருப்பார்! படிக்கும்போது கடந்துபோன விஷயம், இன்று அந்த அறையில் நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டது.

இரவு நார்ட்டனில் தங்கல். தங்கிய இடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கம்பளி கேட்டு வாங்கிக்கொண்டோம். பக்கத்து ஹோட்டலில் சூப் பீன்ஸும் சோள ரொட்டியும். நம் ஊர்க் காராமணிக் குழம்பில் காரத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த நார்ட்டன்தான் டாக் பாக்ஸின் ஊர். கரிச் சுரங்கத் தொழிலாளி, பாஞ்சோக்காரர், 1898-ல் பிறந்தவர். 1927-ல் நியூயார்க் போய்ச் சில தட்டுகள் பதிந்துவிட்டுச் சுரங்கத்துக்கே திரும்பியவர். நான் சமையலறையில் ஓடவிட்ட பாட்டை, 'ஓ டெத்', அவரும் பாஞ்சோவோடு பாடியிருக்கிறார். 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' படத்துக்கு இசை சேர்த்த டி போன் பர்னெட், ரால்ஃபிடம் அதை டாக் பாக்ஸ் மாதிரி பாஞ்சோவோடு பாடச் சொன்னார். ரால்ஃப் பாடிவிட்டு, பாஞ்சோ இல்லாமல் என் சபையில் பாடுவது போல ஒரு தடவை பாடட்டுமா என்று கேட்டார். பாடினார், அதுவே படத்தில் நின்றது. 2002 பிப்ரவரியில் கிராமி மேடையில் அதே பாட்டை வாத்தியமில்லாமல் பாடி, சிறந்த கன்ட்ரி ஆண் பாடகர் விருதையும் வாங்கினார். 75 வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

படத்தில் அந்தக் குரலை ஒரு வெள்ளை வெறிக் கூட்டத்தின் தலைவன் வாயில் வைத்திருக்கிறார்கள். காட்சி பலமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. ஒரு ஜெப வீட்டுக் குரலை அங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டாம்.


மூன்றாம் நாள், சனி: ஸ்மித் ரிட்ஜ், ஹில்டன்ஸ்

கல்லறைக்குப் போக நேற்றே தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். ஸ்மித் ரிட்ஜ் என்பது லூசியின் குடும்பத்து மலைமுகடு, அவர் பிறந்த குடும்பம் ஸ்மித். சகோதரர்கள் வளர்ந்தது இங்கேதான். 1971 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் இந்த மேட்டிலேயே இசை விழா நடத்தினார் ரால்ஃப். ஊரை விட்டு வேலை தேடி ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் போன பிள்ளைகள், அந்த வாரம் திரும்பி வந்து கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுப் பாட்டு கேட்பார்கள். கல்லறைத் திருநாளும் கச்சேரியும் ஒன்றாக நடப்பது போல.

இன்று யாரும் இல்லை. புல் நனைந்திருந்தது. மேலே ஏறியதும் நாலாபக்கமும் மலை மடிப்பு மடிப்பாகப் போகிறது, நீலம், அதற்குப் பின்னால் இன்னும் வெளிறிய நீலம். அப்பா மூச்சு வாங்க நின்று நின்று ஏறினார். அண்ணனும் தம்பியும் ஒரே மேட்டில். இடையில் கிட்டத்தட்ட 50 வருடம். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கத் தோன்றவில்லை, அதனால் இந்த நாளுக்குப் படம் கிடையாது.

இறங்கும்போது அப்பா சொன்னார்: "எங்க கொயர்ல லீட் பாடின ஜேம்ஸ் அண்ணன் செத்தப்ப, ஒரு வருசம் நான் பாடவே போகல. ஒனக்குத் தெரியாது. நீ அப்ப சின்னப் பிள்ள." எனக்குத் தெரியாதுதான். ஜேம்ஸ் பெரியப்பாவின் அடக்கம் நினைவிருக்கிறது. அப்பா ஒரு வருடம் ஞாயிறுகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்தது நினைவில்லை.

சாயந்திரம் ஹில்டன்ஸ். கிளின்ச் மலை அடிவாரத்தில் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற கொட்டகை. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் 1927 ஜூலை கடைசியில் இங்கிருந்துதான் பிரிஸ்டலுக்குப் போனார்கள். அப்போது மேபெல்லுக்கு 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. (ரால்ஃபின் அண்ணன் கார்ட்டர் வேறு, இந்தக் குடும்பம் வேறு. அவருக்கு அது முதற்பெயர்.) ஏ.பி.யும் சாராவும் பிரிந்தார்கள், ஏ.பி. வயதான காலத்தில் ஒரு மளிகைக் கடையோடு இங்கே தனியாக இருந்து 1960-ல் இறந்தார். பாட்டு அழியக்கூடாது என்று மகள் ஜானெட் 1974-ல் அந்தக் கடையிலேயே சனிக்கிழமைக் கச்சேரியைத் தொடங்கினார். இன்றுவரை நடக்கிறது. மது கிடையாது, மின்சார வாத்தியம் கிடையாது. அந்த விதியைக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் தளர்த்தினார்கள், அவர் மேபெல்லின் மருமகன். மனைவி ஜூன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2003 ஜூலை 5 அன்று அவர் கடைசியாகப் பாடிய மேடையும் இதுதான்.

பாட்டு தொடங்கியதும் முன்னால் இருக்கும் தளத்தில் ஜனங்கள் இறங்கினார்கள். செருப்பின் அடியில் இரும்புத் தகடு. எண்பது வயதுப் பாட்டியும் ஆறு வயதுப் பேத்தியும் எதிரெதிரே நின்று குதிகாலால் தாளம் போட்டார்கள். அப்பாவை ஒரு பெண்மணி கை பிடித்து இழுத்தார். அப்பா போனார்! நான் இதை எதிர்பார்க்கவில்லை.

நார்ட்டன் திரும்ப இரவு பதினொன்று. நாளை காலை சபை. கிளின்ட்வுட் அருங்காட்சியகத்து அம்மா சொன்ன இடம்.


நான்காம் நாள், ஞாயிறு: ஒரு மலைச் சபை

இடத்தின் பெயரை எழுதவில்லை. மாதத்துக்கு ஒரு முறை கூடுகிற சின்னச் சபை, அவர்கள் விளம்பரம் விரும்புகிறவர்கள் இல்லை. பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற பழைய முறைப் பிரிவு. ரால்ஃப் வளர்ந்தது இந்த வழிபாட்டில்தான். ஆனாலும் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்தது எழுபதைத் தாண்டிய பிறகுதான். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், தானாகப் போய்ச் சேர முடியாது என்பது இவர்கள் விசுவாசம்.

வெள்ளையடித்த மரக் கட்டடம். உள்ளே சிலுவை இல்லை, ஆர்கன் இல்லை, பியானோ இல்லை. ஞாயிறு பள்ளியும் கிடையாது. முன்னால் மூப்பர்கள் மூன்று பேர், யாருக்கும் சம்பளம் இல்லை. எங்களையும் சேர்த்து முப்பது பேர் இருப்போம். உள்ளங்கையில் அடங்குகிற பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது, இசைக் குறிப்பு எதுவும் இல்லை. அப்பா சோல்ஃபாவைத் தேடிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

ஒரு மூப்பர் எழுந்தார். ஒரு வரியை, பாடுவதுமில்லை பேசுவதுமில்லை என்கிற மாதிரி, ஒரே மூச்சில் வேகமாகச் சொன்னார். சபை அந்த வரியை எடுத்தது. எடுத்தது என்றால், மிக மெதுவாக. ஒரு அசையில் நான்கைந்து சுரம் வளைகிறது. தாளம் என்று எதுவும் இல்லை, மூச்சுதான் கணக்கு. ஆளுக்கு ஆள் வளைவு கொஞ்சம் மாறுகிறது. ஒருவர் முன்னால் போகிறார், ஒருவர் பின்னால் இழுக்கிறார், ஆனாலும் எல்லாரும் ஒரே ஆற்றில்தான் போகிறார்கள். வரி முடியும் முன்பே மூப்பர் அடுத்த வரியைச் சொல்லிவிடுகிறார். 'வரி சொல்லிப் பாடுதல்' என்று இதற்கு அர்த்தம் வரும் பெயர் வைத்திருக்கிறார்கள். 1640-களில் இங்கிலாந்தில், எழுத்து தெரியாத சபையாருக்காக வரி வரியாக வாசித்துப் பாட வைக்கச் சட்டமே போட்டார்கள். அந்த ஊரில் அது மறைந்துவிட்டது. இந்த மலைகளில் எழுத்து வந்த பிறகும் அவர்கள் விடவில்லை.

ரால்ஃபின் குரலில் இருக்கும் அந்த நடுக்கமும் வளைவும் எங்கிருந்து வந்தன என்று அந்த முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. நான் அதை அவருடைய தனிப்பட்ட பாணி என்று நினைத்திருந்தேன். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்கும் அதே வளைவு வந்தது, பின்னால் இருமிக்கொண்டே பாடிய பெரியவருக்கும் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே ரால்ஃப் தன் குழுவை வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லி வெறும் குரலில் பக்திப் பாட்டுகள் பாட வைத்தார். ப்ளூகிராஸ் என்று பெயர் பெற்ற இந்தப் பாஞ்சோ, மாண்டலின் இசையின் மேடையில் அதுவரை பழக்கமில்லாத காரியம். அவருக்கு அது புதுமையாகவே பட்டிருக்காது.

மூப்பர்கள் மாறி மாறிப் பேசினார்கள். பேச்சு மெல்ல ஏறி, நடுவில் ராகமாகவே மாறி, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சோடு விழுந்தது. இரண்டரை மணி நேரம். கடைசிப் பாட்டில் எல்லாரும் எழுந்து, பாடிக்கொண்டே ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சுற்றி வந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒரு முதியவர் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாட்டை நிறுத்தாமலே தலையசைத்தார். அப்பா பாடிக்கொண்டிருந்தார். ஆங்கில வார்த்தை பாதிதான் வந்தது, வளைவு முழுதாக வந்தது.

அப்புறம் சாப்பாடு. பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் கேக் என்று மேஜை நிறைய. எங்களுக்கு ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள்.

கிளம்பி வெகு நேரம் அப்பா பேசவில்லை. கோபர்ன் தாண்டி, செயின்ட் பால் தாண்டி, அபிங்டன் பக்கம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னது தப்பு மக்ளே. அவரு டெனர் இல்ல."

"அப்புறம்?"

"அங்க பார்ட்ஸே இல்லியே. எல்லாருக்கும் ஒரே மெட்டுதான. டெனர் தேடித் தேடிப் பாத்தேன், நிக்க இடம் இல்ல. அப்புறம் சும்மா கூடப் பாடினேன்." கொஞ்சம் கழித்து, "எங்க ஆச்சி சொல்லுவா. அவ சின்னப் பிள்ளையா இருக்கச்சில உபதேசியாரு கீர்த்தனைய ஒவ்வொரு வரியா சொல்லுவாராம். வாசிக்கத் தெரியாத சனம் அத அப்படியே பிடிச்சிப் பாடுமாம். நான் அதக் கேட்டதே இல்ல. இன்னைக்குத்தான் கேட்டேன்" என்றார்.

பிரிஸ்டல் தாண்டி டென்னசிக்குள் வந்துவிட்டோம். வெயில் சாய்ந்து கண்ணாடியில் அடித்தது. அப்பா சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கீர்த்தனையின் பல்லவியை ஒரே மூச்சில், பாட்டாக இல்லாமல், கடகடவென்று சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் குரல் உடனே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக அந்த வரியை எடுத்தேன். இரண்டாவது வார்த்தையில் சுருதி விலகியது, பிடித்துக்கொண்டேன். வரி முடியும் முன்பே அப்பா அனுபல்லவியைச் சொல்லிவிட்டார்.